ஃபெலிசா அக்காவின் இரண்டு மணி நேரம்

என் அக்கா ஃபெலிசாவைக் கோபக்காரி என்று சொல்கிறவர்கள் எல்லோரும் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கடலே இல்லாத எங்கள் ஊர் அல்பசேதேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்துநாலு வருடம் மதியச் சாப்பாடு சமைத்தாள். தினம் இருநூறு பிள்ளைகள். இருநூறு தட்டு, இருநூறு கரண்டி, அதற்கு மேல் இருநூறு தொண்டை. வீட்டுக்கு வந்தபிறகும் அந்த இரைச்சல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பாள். மெதுவாகப் பேசினால் அவளுக்குக் கேட்காது. உரக்கப் பேசினால், "ஏன்டா இந்தக் கத்து கத்துறே?" என்பாள்.

ஆகஸ்டில் பதினைந்து நாள் சாந்தா போலா கடற்கரையில் இருப்போம். அக்கா, லெயாண்ட்ரோ அத்தான், அவர்கள் மகள் ஐனோவா, நான், என் மனைவி, என் இரண்டு பையன்கள். வருடா வருடம் அதே வாடகை வீடு, அதே மூன்றாவது மாடி. காலை ஆறு மணிக்கே அத்தான் பெரிய நிழல்குடையைத் தோளில் போட்டுக்கொண்டு போய், மணலில் முதல் வரிசையில் நட்டுவிட்டு வந்து, மறுபடி படுத்துக்கொள்வார். ஆறரைக்குப் போனால் மாட்ரிட்காரர்கள் இடத்தைப் பிடித்துவிடுவார்கள் என்று பயம். அந்த மாட்ரிட்காரர்களோடு மத்தியானம் சீட்டாடுவதும் இவர்தான்.

பத்து மணிக்கு அக்கா தண்ணீரில் இறங்குவாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு ஆழத்தில் மல்லாந்து படுத்து, இரண்டு காதும் தண்ணீருக்குள் இருக்கும்படி மிதப்பாள். அரை மணி நேரம் அசைய மாட்டாள். கரைக்கு வந்ததும், "அங்கே மட்டும்தான்டா சிரிலோ ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லே" என்பாள். மீதி முந்நூற்று ஐம்பது நாளையும் அந்தப் பதினைந்து நாளுக்காகத்தான் அவள் பொறுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

ஆனால் சாப்பிட்ட பிறகு யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. இரண்டு மணி நேரம். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிற சட்டம்தான். அக்கா அதற்குப் போலீஸும் நீதிபதியுமாக இருந்தாள். "வயித்துல சோத்தோட இறங்கினா செரிமானம் அப்படியே நின்னுடும். ஆள் கல்லு மாதிரி அடியில போயிடுவான்." என் பையன்கள் குடைக்கடியில் வரிசையாக உட்கார்ந்து என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை சின்னவன் ஒன்றே முக்கால் மணி நேரம் பொறுத்துவிட்டு, கடைசியில் ஒரு துண்டு தர்பூசணியை வாயில் போட்டுவிட்டான். அக்கா பார்த்துவிட்டாள். "தின்னியா? மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பி!" அவன் அழுத அழுகையில் பக்கத்துக் குடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதில் வயிற்றில் புற்று என்று சொன்னார்கள். அந்த ஆகஸ்டில் டாக்டர் ஊசிகளுக்கு நடுவே மூன்று வாரம் இடைவெளி விட்டிருந்தார். "ஒரே ஒரு தடவை மிதந்துட்டு வந்துடறேன். அப்புறம் எத்தனை ஊசி வேணாலும் குத்திக்கட்டும்" என்றாள். அதற்காகத்தான் எல்லோரும் கிளம்பினோம். ஆனால் பயணமே அவளைப் படுக்கவைத்துவிட்டது. முதல் வாரம் முழுக்க மூன்றாவது மாடி பால்கனியிலிருந்துதான் கடலைப் பார்த்தாள். அத்தான் மட்டும் தினம் ஆறு மணிக்குப் போய்க் குடை நட்டுவிட்டு வந்தார்.

மாதா விண்ணேற்புத் திருநாள் அன்று கொஞ்சம் எழுந்து நடந்தாள். காலைப் பூசைக்கு அழைத்துப் போனோம். ஒரு மணிக்குக் கடற்கரையில் குடைக்கடியில் உட்காரவைத்தோம். மனைவி இறால் போட்டு பயேயாச் சோறு செய்து கொண்டுவந்திருந்தாள். அக்கா குற்றம் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். "இது சோறா, கஞ்சியா? என் பள்ளிக்கூடமா இருந்தா உன்னை வாசலோட அனுப்பியிருப்பேன்." ஒரு தட்டு காலியானது. இரண்டு மாதத்தில் அவள் ஒரு தட்டைக் காலி செய்து நாங்கள் பார்க்கவில்லை. அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

சோறு உள்ளே போனதும் அவளுக்குத் தெம்பு வந்தது. மணி இரண்டரை. கடல் ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது.

"வாங்கடா, இப்பவே என்னைத் தண்ணிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இப்பவா? இப்பத்தானே சாப்பிட்டே! விளையாடறியா?" என்றார் அத்தான்.

ஐனோவா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அதெல்லாம் சும்மா சொல்றது. பிடரியை நனைச்சு, மெதுவா இறக்கினா ஒண்ணும் ஆகாது. நானே கூடப் போறேன். அம்மாவுக்கு இப்பத்தான் தெம்பிருக்கு."

"நீ வாயை மூடு. ரெண்டு வருஷம் படிச்சுட்டு எங்களுக்குச் சொல்ல வந்துட்டே" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். கடிகாரத்தையும் பார்த்தேன். "நாலரை வரைக்கும் உக்காருக்கா. கடல் எங்கே ஓடிப் போகுது?"

அக்கா சிரித்தாள். "என் சட்டத்தை என் கழுத்துலயே மாட்டுறீங்களா? சரி, போங்க."

மூன்றரைக்கு ஒருமுறை கேட்டாள். "இன்னும் ஒரு மணி நேரம்தான்" என்றேன். கொஞ்ச நேரத்தில் கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று கிளம்பியது. குடைகள் படபடத்தன. நாலு அடிப்பதற்குள் அலை மணல் கலங்க எழும்பியது. உயிர்காப்புப் பையன்கள் கம்பத்தில் சிவப்புக் கொடியை ஏற்றி, ஊதல் ஊதி, எல்லோரையும் கரைக்கு வரச் சொன்னார்கள். அக்கா அந்தக் கொடியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் திட்டியிருக்கலாம்.

மூன்று நாள் அந்தக் கொடி இறங்கவில்லை. நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். மூட்டை கட்டிக்கொண்டு அல்பசேதேக்குத் திரும்பினோம். அத்தான் வழியெல்லாம், "நான் விட்டிருக்கணும் மாப்ளே, நான் விட்டிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார். அவரைத் தேற்றினேன். கடிகாரம் என் கையில்தான் இருந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்டோபரில் ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நான் மட்டும் அவள் பக்கத்தில் இருந்தேன். வெளியே நடைபாதையில் சாப்பாட்டு வண்டி தட்டுகள் மோத உருண்டு போனது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"சிரிலோ, நான் சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"மூணு நாளாச்சுக்கா."

"அப்போ இறங்கலாம்ல?"

"இறங்கலாம்க்கா" என்றேன். ஆகஸ்டில் வாயில் வராத சொல், அக்டோபரில் வந்து என்ன பிரயோஜனம்?