மாரிச்சாமி வாத்தியார் சொல்லாமல் விட்டது

புளியரசன்பட்டிப் பள்ளிக்கூடத்தில் மாரிச்சாமி மூன்றாவது வாத்தியார். முதல் வாத்தியாராக வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. மூன்றாவதாகவே கடைசிவரை இருந்துவிட்டால் போதும். பதினோரு வருஷ வேலையில் மூன்று எட்மாஸ்டர்களைப் பார்த்தார். ஒவ்வொருவர் வந்தபோதும் வேறு ஆளாக மாறினார்.

முதலாமவர் காசிராஜன். மதியச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். ஆறு மாதத்தில் பள்ளிக்கூடம் முழுவதும் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. பிள்ளைகள் உதட்டை மட்டும் அசைத்து வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். வாசலில் ஒரு கழுதை கத்தியபோது நாலாம் வகுப்பே எழுந்துபோய் அதைத் தூரத்தில் விட்டுவிட்டு, நுனிக்காலில் நடந்து திரும்பி வந்தது. மாரிச்சாமிக்குத் தொப்பை விழுந்தது அந்தக் காலத்தில்தான்.

அடுத்து வந்த முத்துராமலிங்கம் பிரம்பும் கையுமாகப் பிறந்தவர் போலிருந்தார். அவர் வந்த மறுவாரம் மாரிச்சாமி கையிலும் ஒரு பிரம்பு முளைத்தது. வைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. வகுப்பில் அடி வாங்கிய பிள்ளைகள் போகிற வழியில் கண்டதையெல்லாம் அடித்துக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஊர் வெள்ளாடுகளுக்குத் தெரியும். மணி அடித்ததும் தெருவை விட்டு ஒதுங்கிவிடும்.

மூன்றாமவர் திம்மையா. 1944, தை மாதம் வந்து சேர்ந்தார். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்காரர்; வீட்டில் கன்னடம், வெளியில் இலக்கணம் வழுவாத தமிழ். தூங்கமாட்டார், அடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆலோசனைக் கூட்டம் நடத்துவார். தம் யோசனை ஒன்றைச் சொல்லிவிட்டு, “உங்க அபிப்பிராயத்தைத் தாராளமாச் சொல்லுங்க” என்பார். மாரிச்சாமியும், இரண்டாவது வாத்தியாரான ஆவுடைத்தாய் டீச்சரும் முதல் இரண்டு வாரம் இதை நம்பினார்கள்.

மேற்கு அறையில் மத்தியான வெயில் கரும்பலகையில் விழுந்து எழுத்தே தெரியவில்லை என்று டீச்சர் சொன்னார். எட்மாஸ்டர் புன்னகையோடு கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். மறுவாரம் டீச்சரின் வகுப்பு மேற்கு அறைக்கு மாறியது. குறையைக் கண்டவருக்குத்தான் அதைச் சமாளிக்கவும் தெரியும் என்பது காரணம். மணிக் கயிறு இற்றுப்போயிருக்கிறது என்று மாரிச்சாமி சொன்னார். அக்கறை உள்ளவர் கையில் பொறுப்பு இருக்கட்டும் என்று மணி அடிக்கும் வேலை அவருக்கு வந்தது. கயிறு வரவில்லை. அன்றிலிருந்து இருவருடைய அபிப்பிராயமும் ஒன்றுதான்: “நல்ல யோசனை சார்.”

எட்மாஸ்டரின் அந்த வழக்கத்தை மாரிச்சாமி வகுப்புக்கும் கொண்டுபோனார், தாம் கொண்டுபோவது தெரியாமலே. கணக்கு நடத்திவிட்டு, “யாருக்காச்சும் சந்தேகம் இருக்கா?” என்பார். சந்தேகம் கேட்டவன் அடுத்த கணக்கைப் பலகையில் போட வேண்டும். ஒரே மாதத்தில் மூன்றாம் வகுப்பில் யாருக்கும் எதிலும் சந்தேகம் இல்லாமல் போயிற்று.

இப்படி இருக்கையில்தான் ஆவணிக் கடைசியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரிடமிருந்து கடிதம் வந்தது. புரட்டாசியில் ஒரு நாள் வந்து தலை எண்ணுவார். அறுபது பிள்ளைகள் இருந்தால் மூன்று வாத்தியார்; குறைந்தால் இரண்டு. கழிபடுவது மூன்றாவது வாத்தியார், அதாவது மாரிச்சாமி. எந்த நாள் வரலாம் என்று எட்மாஸ்டரே எழுதலாம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் திம்மையா முகமெல்லாம் மலர்ச்சியாக உட்கார்ந்திருந்தார். புரட்டாசிக் கடைசி வியாழனைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதற்குள் மழை பிடித்துவிடும். மழை என்றால் பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிடுவார்கள் என்றார். அவர் தெருவில் அதுதான் நடக்கும். மழை பெய்தால் தெருவில் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போட முடியாது. பிள்ளைகளுக்கு வீட்டில் வேலை இருக்காது. காலைச் சுற்றி வராதே என்று அம்மாமார்கள் பள்ளிக்கூடத்துக்கு விரட்டிவிடுவார்கள். அவர் படித்ததே மழைக்காலங்களில்தான்.

புளியரசன்பட்டியோ மானத்தைப் பார்த்து விதைக்கிற கரிசல்காட்டு ஊர். புரட்டாசிக் கடைசி மழை விழுந்து மண் பதமாகிற இரண்டு நாளைக்குள் பருத்தியும் கம்பும் மண்ணுக்குள் போயாக வேண்டும். ஏர் முன்னால் போக, சாலில் விதை போட்டுக்கொண்டு வருவது பிள்ளைகள்தான். அன்றைக்கு ஊருக்குள் கோழிதான் மேயும். பழைய எட்மாஸ்டர்கள் இருவரும் அந்த நாளில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். தை மாதம் வந்தவருக்கு இது எப்படித் தெரியும்? மாரிச்சாமிக்கே மூன்று ஏக்கர் உண்டு. பூட்டு திறக்கிற மறுநாளும் விதைப்பு பாக்கி இருக்கும்; வருஷம் தவறாமல் அவருக்கு வயிற்றுவலி வரும்.

சொல்ல வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் ஆவுடைத்தாய் டீச்சர் அவர் காலை மிதித்தார்.

“நல்ல யோசனை சார்” என்றார் மாரிச்சாமி.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அவர் மனைவி கருத்தம்மாள் அடுப்பை விட்டு எழுந்தே வந்துவிட்டாள்.

“வெதைப்பன்னிக்குப் பிள்ளைகள எண்ண வாராகளா? ஒங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?”

“மேலதிகாரி. அவுகளுக்குத் தெரியாததா?”

“அவுகளுக்குத் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீக. வேலை போச்சுன்னா ஒங்க எட்மாஸ்டரா வந்து நம்ம காட்டுல களை வெட்டப்போறாக?”

அடுத்த வெள்ளிக்கிழமை மாரிச்சாமி தீர்மானத்தோடு போனார். எட்மாஸ்டர் இன்ஸ்பெக்டருக்கு எழுதிய பதிலைப் படித்துக் காட்டி முடித்ததும் எழுந்து நின்றார்.

“சார், இங்க மழைன்னா கொஞ்சம்…”

திம்மையா புன்னகைத்தார். நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். “கொஞ்சம்?”

“கொஞ்சம் சேறா இருக்கும் சார்.”

அருமையான அபிப்பிராயம் என்று அது பாராட்டப்பட்டது. வாசலில் சாக்கு விரித்து, பிள்ளைகள் கால் துடைத்து வருவதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாரிச்சாமிக்கு வந்தது. பிற்பாடு காட்டத் தமக்கு ஒரு ஆதாரம் வேண்டுமென்று வகுப்பிலும் கேட்டுவைத்தார்: இன்ஸ்பெக்டர் வருகிற அன்று எல்லாரும் வருவீர்களா? “வருவோம் சார்!” என்று கூரை அதிரக் கத்தினார்கள். வரமாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. புதன்கிழமை வெயில். வியாழன் விடிந்தபோது மண் கச்சிதமான பதத்தில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அருப்புக்கோட்டையிலிருந்து கரியில் ஓடும் பஸ்ஸில் திருச்சுழி வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் இடுப்பு ஒடிய வந்து இறங்கினார். திம்மையா அரளி மாலையோடு நின்றார். வாசலில் சாக்கு சுத்தமாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் மாரிச்சாமி. உள்ளே நான்கு பிள்ளைகள். ஒருத்திக்குக் காய்ச்சல் விட்டு மூன்று நாள். ஒருவனுக்குக் காலில் முள் ஏறிய புண். மற்ற இருவரும் பலசரக்குக் கடைக்காரரின் மக்கள், காடு இல்லாதவர்கள்.

திம்மையாவின் முகத்திலிருந்த மலர்ச்சி மெல்ல வடிந்தது. எல்லாரையும் கலந்து பேசித்தான் தேதி குறித்ததாகவும், இருவரும் நல்ல யோசனை என்று சொன்னதாகவும், நோட்டில் அது இருப்பதாகவும் சொல்லி நோட்டை எடுத்தும் காட்டினார். இன்ஸ்பெக்டர் மாரிச்சாமி பக்கம் திரும்பினார்.

“நீர் உள்ளூர்க்காரர்தானே? இன்னிக்குப் பிள்ளைக வராதுன்னு தெரியுமா, தெரியாதா?”

தெரியாது என்றால் பொய், சாக்குகூட நம்பாது. தெரியும் என்றால் குற்றம். மாரிச்சாமிக்கு அந்த நேரத்தில் கருத்தம்மாள் நினைவுதான் வந்தது.

“தெரியும்யா.”

“எட்மாஸ்டர்கிட்டச் சொன்னீரா?”

“சேறா இருக்கும்னு சொன்னேன்.”

“மிச்சத்தை ஏன் சொல்லல?”

“சொன்னா மாட்டிக்குவேன்னு பயந்தேன்யா. இப்பச் சொல்லாமலே மாட்டிக்கிட்டேன்.” மாரிச்சாமி காட்டுப் பக்கம் கையை நீட்டினார். இனி இழக்க என்ன இருக்கிறது? “பிள்ளைகள எண்ணணும்னா காட்டுக்குத்தான் போகணும். அரை மைலு. எல்லாம் அங்கதான் நிக்குது.”

இவ்வளவு தூரம் வண்டியில் வந்த மனிதர், நான்கு பேரை எண்ணிவிட்டுத் திரும்ப விரும்பவில்லை. ஆஜர்ப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு அவரும் மூன்று வாத்தியார்களும் புறப்பட்டார்கள். பத்தடி நடப்பதற்குள் கரிசல் மண் செருப்பில் அப்பி, ஒவ்வொரு காலும் ஆட்டுக்கல் கனம் கனத்தது. திம்மையா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். துடைக்கச் சாக்கு அங்கே இல்லை.

வரப்பில் நின்று மாரிச்சாமி பெயர்களை வாசித்தார். ஏருக்குப் பின்னாலிருந்து, மடியில் விதையோடு, நிமிராமலே குரல்கள் வந்தன. “உள்ளேன் ஐயா!” தூரத்துக் காட்டிலிருந்து ஒன்று, ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொன்று. ஏர் பிடித்த தகப்பன் ஒருவர், ஏதோ கூப்பிடுகிறார்கள் என்று தாமும் ஒருமுறை “உள்ளேன்” சொல்லிவைத்தார். டீச்சர் அதைக் கழித்துவிட்டார். ஐம்பத்தேழு. பள்ளிக்கூடத்தில் நான்கு. மொத்தம் அறுபத்தொன்று.

விதிப்படி பிள்ளைகள் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் பென்சிலைக் கடித்து யோசித்தார். அவருக்கும் மேலே ஒரு அதிகாரி உண்டு. ‘குறைவு’ என்ற சொல் எந்த அறிக்கையில் வந்தாலும் எழுதியவரைக் கூப்பிட்டு விசாரிப்பவர். ஆகவே இன்ஸ்பெக்டர் எழுதினார்: ஆஜர் அறுபத்தொன்று, திறந்தவெளியில் விவசாயப் பாடம் நடந்தது, எட்மாஸ்டரின் முயற்சி பாராட்டத்தக்கது.

மாரிச்சாமிக்கு வேலை பிழைத்தது. சாயங்காலம் சொந்தக் காட்டில் விதைக்கப் போனார், வயிற்றுவலி இல்லாமலே.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலில் மண் காய்ந்த கோடு இன்னும் அழியாத திம்மையா, பாராட்டை இரண்டுமுறை வாசித்தார். இனி வாரம் மூன்று நாள் எல்லா வகுப்புகளும் திறந்தவெளியில், மத்தியானம் இரண்டு மணிக்கு. “உங்க அபிப்பிராயத்தைத் தாராளமாச் சொல்லுங்க.”

டீச்சரின் கால் மாரிச்சாமியின் காலைத் தேடியது. அவர் தம் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“வேணாம் சார். ரெண்டு மணி வெயில்ல பிள்ளைக மயங்கி விழும்.”

பேனா மூடி கழன்றது. புன்னகை வந்தது. திங்கட்கிழமை மாரிச்சாமி ஒன்றாம் வகுப்பில் இருந்தார்; பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் அந்த ஒரே அறையில், பாதி மூக்குகள் ஒழுகிக்கொண்டு. திறந்தவெளி யோசனையை மட்டும் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அன்று பலகையில் ஒரு மாடு வரைந்தார். முன்வரிசையிலிருந்த சந்தனம்மாள் கையைத் தூக்கினாள்.

“சார், மாட்டுக்கு அஞ்சு காலு போட்டிருக்கீக.”

பலகைக்கு வா என்று சொல்ல மாரிச்சாமியின் வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டு பலகையை எண்ணிப் பார்த்தார். ஐந்துதான். ஒன்றை அழித்தார்.

“வேற என்ன தப்பு இருக்கு?”

முப்பது கைகள் எழுந்தன.