நெளிந்த பொடி

என் மனைவி போன பஸ் வயலுக்குள் உருண்ட காலையில், கொண்டக்டர் அவளுடைய போனிலிருந்து எனக்கு எடுத்தார். "ஐயா, பொடி நெளிஞ்சு போச்சு. கராச்சுக்குத்தான் கொண்டு போகவேணும்," என்றார். எங்கள் பேச்சில் பஸ்ஸின் கூட்டுக்கும் பொடி என்றுதான் பெயர், பிரேதத்துக்கும் அதேதான். நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அதற்குள் அவள் போனை வாங்கி, "நான் இருக்கிறன். அவர் பஸ்ஸைச் சொல்லுறார்," என்றாள்.

அவளுக்குத் தோளில் கன்றல் மட்டும். பஸ்ஸில் வந்த ஒருவரும் சாகவில்லை. ஆனாலும் இனிப் பஸ் ஏற ஏலாது என்றாள். பாலையூற்றிலிருந்து சம்பூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக எங்களிடம் வேறு வாகனம் இல்லை. ஏறாவிட்டால் படிப்பிப்பதை விடவேண்டும்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் பொருள்களின் வலிமை படிப்பிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவோடு, பஸ் திருத்துகிற அந்தக் கராச்சுக்கு வெளிக்கிட்டேன். அவளும் செருப்பைப் போட்டாள். "பொடியை அடையாளம் காட்ட ஆள் வேணுமெல்லோ."

பஸ்ஸை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. யன்னல் தூண்கள் எல்லாம் அடியில், நீளச் சட்டத்தோடு சேரும் இடத்தில், ஒரே பக்கமாக மடிந்திருந்தன. அந்த மடிப்புகளில் மட்டும் பெயின்ற் செதில் செதிலாக உரிந்திருந்தது. ஒரு தூண்கூட முறியவில்லை.

இரும்பு வளைய வளைய, விழுந்த வேகத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். வளையாமல் விறைத்து நின்றால் அடி ஆட்களுக்குப் போகும். மெலிந்திருந்தால் கூரை கதிரைகளில் வந்து படுத்துவிடும். எவ்வளவு வளைந்தால் எவ்வளவு தாங்கும் என்று கரும்பலகையில் நான் ஆண்டுதோறும் கீறிக் காட்டும் கோடு அது. அந்தக் கோட்டுக்குக் கீழே அவள் இருந்திருக்கிறாள். எனக்கு மயிர் கூச்செறிந்தது.

அவள் ஏறி, அன்றைக்கு இருந்த இடத்திலேயே போய் இருந்தாள். அவள் தலைக்கும் வளைந்த தூணுக்கும் நடுவே நாடாவைப் பிடித்தேன். இரண்டாம் தரமும் அளந்தேன்.

"எவ்வளவு?"

"ஒரு சாண்."

"உங்கட சாணோ, என்ட சாணோ?"

பெருவிரலை நெற்றியோரத்தில் ஊன்றிச் சின்னிவிரலை நீட்டினாள். தூணுக்கு எட்டவில்லை. கையை எடுக்காமல் கனநேரம் அப்படியே இருந்தாள். பிறகு எழும்பி, உரிந்த பெயின்றை விரலால் தடவினாள்.

திங்கட்கிழமை தரிப்பிடம் வரை கூடப் போனேன். வந்தது வேறு பஸ். அதன் வெல்டிங்கை நான் பார்த்ததில்லை என்று சொன்னேன்.

"அதுக்கு? நிப்பாட்டி வைச்சு அளக்கப் போறீங்களோ?" என்றபடி ஏறினாள். யன்னலோரம் இருந்து, பக்கத்துத் தூணை ஒருதரம் இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். பஸ் புறப்பட்டது.