பதினைந்தாவது விண்ணப்பம்

புருஷோத்தமன் சாருக்குக் குழப்பம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி எங்கேயாவது வைப்பார். பிறகு அதைத் தேடுவார். இந்த வருஷம் ஜனவரியிலிருந்து ஜூன் வரை அவர் தேடாத நாளே கிடையாது.

மரக்காணம் தாண்டி ஈசிஆர் ஓரமாக இருக்கும் ஒரு கல்லூரியில் அவர் கம்ப்யூட்டர் துறைத் தலைவர். பெருமுக்கல் பக்கம் விவசாயக் குடும்பம். நான் மேரிசெல்வி, அதே அறையில் டைப்பிஸ்ட், எட்டு வருஷமாகத் தினக்கூலி. துறையில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்ததால், வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பகுதிநேர எம்.எஸ்சி. தகவல் அமைப்பியல் ஆரம்பிக்கலாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. பாடத்திட்டம் போடும் பொறுப்பு சாருடையது. ஜூன் முப்பதுக்குள் பதினைந்து பேர் சேராவிட்டால் கோர்ஸும் கிடையாது, அவருக்கு வேலையும் கிடையாது.

நல்ல மனுஷர். யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் எதையும் ஒரே தடவையில் முடிவு செய்தும் பார்த்ததில்லை. பெரிய பெரிய பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களையெல்லாம் பிரின்ட் எடுத்து மேசையில் பரப்பினார். டேட்டாபேஸ் முதல் செமஸ்டரிலா, இரண்டாவதிலா? வேலை பார்க்கிறவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்காதா? தெரிந்திருந்தால் எதற்குப் படிக்க வருகிறார்? தெரியாவிட்டால் என்ன வேலை பார்க்கிறார்? இதையெல்லாம் என்னிடம் கேட்கவில்லை, மின்விசிறியைப் பார்த்துக் கேட்டார். காலையில் முதல் செமஸ்டரில் அடித்ததைச் சாயங்காலம் இரண்டாவதுக்கு மாற்றி அடிப்பேன். முழுப் பாடத்திட்டத்தையும் பதினோரு தடவை அடித்திருக்கிறேன். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் வகுப்பு நேரம். சனி, ஞாயிறு என்று வைத்தார். கோர்ஸில் சேர விசாரித்திருந்த சித்தார்த்தன், ரிசார்ட்டில் ரிசப்ஷன் பார்ப்பவன், போன் செய்தான். "சார், எங்களுக்கு சனி ஞாயிறுதான் கூட்டமே. அன்னிக்கு லீவு கேட்டா வேலைய விட்டே அனுப்பிடுவாங்க."

சரி, வெள்ளி மத்தியானம் என்றார். கூனிமேட்டிலிருந்து மீன் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் ஜும்மா இருக்கிறதே என்றார்கள். கடைசியில் வார நாட்களில் சாயங்காலம் ஆறரை முதல் ஒன்பது என்று எழுதிக் கொடுத்தார். ஆபீஸ் முடிந்து எல்லோரும் சும்மாதானே இருப்பார்கள் என்று மின்விசிறியிடம் சொன்னார்.

நான் உப்பளக் குடும்பம். அந்த வரியை அடிக்கும்போதே இது நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. டைப்பிஸ்ட்டை யார் கேட்டார்கள்?

மே மாதம் ஒரு மாதிரி வகுப்பு வைத்தார். சார் புதுச் சட்டை போட்டு வந்தார். பத்தொன்பது பேர் வந்தார்கள், அதில் எட்டு பேர் உப்பு கம்பெனி ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர்கள். ஏழரை மணிக்கு, அவர்களில் லாரி எடைமேடையில் வேலை பார்க்கும் கலியமூர்த்தி பெஞ்சில் தலையைச் சாய்த்தார். எட்டு மணிக்கு அந்த எட்டு பேருமே தூங்கிவிட்டார்கள். ஒருவர் குறட்டையே விட்டார். சார் முதலில் குரலை உயர்த்தினார். பிறகு தூங்குகிறவர்களை எழுப்பக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, நான் அவ்ளோ மோசமாவா பாடம் எடுத்தேன்?"

மின்விசிறியிடம் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார். எட்டு வருஷத்தில் முதல் தடவை.

"பாடம் நல்லாதான் சார் இருந்துது. சீசன்ல உப்பு வேலை விடியக்காலம் மூணு மணிக்கே ஆரம்பிச்சிடும். வெயில் ஏறுறதுக்குள்ள மூட்டை கட்டி லாரிய அனுப்பணும். ஆபீஸும் அப்பவே தொறந்திடும், பன்னெண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்திடுவாங்க. ராத்திரி எட்டு மணிக்கு எங்க தெருவுல ஒரு லைட்டு எரியாது."

சார் பேந்தப் பேந்த விழித்தார். "இத்தன மாசமா டைப் அடிக்கிறீங்களே, ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. என் வீம்புக்காக ஒரு மனுஷருடைய வேலையை அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன்.

திங்கள் முதல் வியாழன் வரை, மத்தியானம் மூன்று முதல் ஐந்தரை என்று மாற்றினோம். சித்தார்த்தன் காலை ஷிப்ட் வாங்கிக்கொண்டான். கஷ்டமான பாடங்களை மழைக்காலத்துக்குத் தள்ளினோம், உப்பளம் ஓய்ந்திருக்கும் மாதங்கள் அவை. ஜூன் இருபத்தொன்பதாம் தேதி எண்ணிப் பார்த்தால் பதினான்கு விண்ணப்பங்கள். சார் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். நான் டிராயரைத் திறந்து என் விண்ணப்பத்தை அவர் மேசையில் வைத்தேன். நானும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர்தான். மார்ச் மாதமே பூர்த்தி செய்து வைத்திருந்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. இரண்டாவது பக்கத்துக்குப் போனதும் சுருங்கியது. தகவல் அமைப்பு சார்ந்த பணியில் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும், அதற்கு மேலதிகாரி சான்று தர வேண்டும். அவரே போட்ட விதி, நானே பதினோரு தடவை அடித்த விதி. கல்லூரிப் பதிவேட்டில் நான் வெறும் தட்டச்சர். என் மேலதிகாரியும் அவர்தான்.

கண்ணாடியைக் கழற்றினார். "டைப்பிஸ்ட்னு எழுதினா தள்ளிடுவாங்க. வேற எதுனா எழுதினா பொய்யாயிடுமேம்மா."

எனக்குச் சுருக்கென்றது. "பொய்யா சார்? பிள்ளைங்க மார்க்கையும் அட்டெண்டன்ஸையும் சாப்ட்வேர்ல ஏத்தறது யாரு? போன டிசம்பர்ல சர்வர் படுத்துடுச்சே, பேக்கப் எடுத்து வெச்சிருந்தது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப அத எழுதுங்க."

நாற்காலியை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். ஒன்றரைப் பக்கம் வந்தது. வழக்கம்போல என்னிடமே அடிக்கக் கொடுத்தார். அடிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் முதல்வர் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார். நான் பதினைந்தாவது ஆள். சாருடைய வேலையும் தப்பியது.

இப்போது முதல் தேர்வு வருகிறது. துறையின் கேள்வித்தாள் எல்லாவற்றையும் அடிப்பது நான்தான். என் தாளை நானே எப்படி அடிப்பது? சார் இரண்டு நாள் குழம்பிவிட்டு, ஒற்றை விரலால் தானே அடிக்க ஆரம்பித்தார். நேற்று ஒரு பைலை எடுக்க உள்ளே போனேன். இரண்டு கையாலும் திரையை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் வெளியில இருங்கம்மா."

எட்டு வருஷமாக எல்லாக் கேள்வித்தாளையும் என் கண் முன்னால் விரித்துப் போட்டிருந்த மனுஷர். நான் வராந்தாவில் போய் நின்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.