ஜப்பான் தண்ணீரும் விழிஞ்ஞத்து அயிலையும்

ஜப்பான் அணு உலைத் தண்ணீரைக் கடலில் விடுகிறார்கள், மீன் வாங்காதீர்கள் என்று வந்த செய்தியை, நேற்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் யோசிக்காமல் பகிர்ந்துவிட்டேன்.

இன்று காலை, தெருமுனையில் மீன் விற்கும் ஸ்டெல்லா சேச்சியின் கூடை நிறைய அயிலை மீன். எங்கள் தெருக்காரர்கள் மூன்று பேர் எட்டிப் பார்த்துவிட்டு வாங்காமலே போனார்கள்.

"என்ன சேச்சி, யாரும் வாங்கலையா?"

"ஆரோ போன்ல போட்டாங்களாம் மோளே, மீன்ல விஷம்னு. எங்க வீட்டுக்காரர் இங்க விழிஞ்ஞம் கடல்ல பிடிச்சது இது. அவர் வள்ளம் ஜப்பானுக்கா போகுது?"

"போட்டது நான்தான் சேச்சி."

"அப்ப நீயே அவங்கள விளி."

அங்கேயே நின்று குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஒருவர் திரும்பி வந்தார்.

மற்ற இருவரும் இதைப் படித்தால், சேச்சி பதினொரு மணி வரை அங்கேதான் இருப்பார்.