மூன்றாம் ஓலை

ரத்தினபாய் டீச்சரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்டால் செம்பாக்கத்தில் எல்லாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். வாய் அப்படி. சர்ச்சில் அவர் நடத்தும் பாடகர் குழுவில் ஒருவர் சுருதி விலகினாலும் பாட்டையே நிறுத்தி முறைப்பார். ஆனால் தாய் தகப்பன் போன பிறகு தானே வளர்த்த தம்பி டெனிஸிடம் மட்டும் அந்த வாய் திறக்காது.

டெனிஸ் கை நீட்டுகிறவன். அக்காவையே அடித்திருக்கிறான். நான் பக்கத்து வீடு, சத்தம் கேட்கும். கேட்டு என்ன செய்தேன்? டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

“ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான் சார்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, தன் பள்ளியில் வேலை பார்த்த ஜோவிதாவை டீச்சர் அவனுக்குப் பேசி முடித்தார். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் கேட்பார். யாரும் தெரிவித்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த மூன்று ஞாயிறும் டீச்சர் தலையைக் குனிந்தே இருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறு வருஷமே ஜோவிதாவுக்கு இடது காது போயிற்று. பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றாள். அதற்கடுத்த மழைக்காலத்தில் டெங்கு வந்து செத்தாள். அவள் அம்மா ஞானம்மாள் தனியாகிப் போனதால், பொழிச்சலூரிலிருந்து அழைத்து வந்து தன் தெருவிலேயே வீடு பார்த்துக் கொடுத்தார் டீச்சர். மருந்து, காய்கறி, கோயில், எல்லாம் இருவரும் சேர்ந்தேதான். “டீச்சர் இல்லேன்னா நானும் அவகூடவே போயிருப்பேன்” என்பார் ஞானம்மாள். டீச்சருக்கும் அவரை விட்டால் ஆளில்லை.

போன வருஷம், மனைவியை இழந்த பாவப்பட்ட பிள்ளை என்று சபையே சேர்ந்து டெனிஸுக்குப் பீர்க்கன்கரணை ஜோசலினைப் பார்த்தது. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதை வாசித்து முடித்ததும் டீச்சர் எழுந்தார்.

“ஆட்சேபணை இருக்கு, ஐயா.”

போதகர் திணறினார். “அப்புறமா ரூம்ல பேசலாமே டீச்சர்?”

“ரூம்ல பேசினா ரூமோட போயிடும். டெனிஸ் அடிப்பான். ஜோவிதா காது போனது அவன் அடிச்சுதான். அவன் குணம் தெரிஞ்சேதான் நான் கட்டி வச்சேன்.”

“அக்காவுக்கு மூளை கலங்கிடுச்சு!” என்று கத்திக்கொண்டே டெனிஸ் வெளியேறினான். ஜோசலினின் அப்பா மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். டீச்சருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. நானும் எழுந்து, ஆமாம், எனக்கும் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

டீச்சர் எழுந்தபோது பக்கத்திலிருந்த ஞானம்மாள் அவர் கையைப் பிடித்திருந்தார். இன்னும் விடவில்லை.

“என் பொண்ணு இத உங்ககிட்ட சொன்னாளா டீச்சர்?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மறுத்துப் பேச ஜோவிதா உயிரோடு இல்லை.

“சொன்னா. காதுல ரத்தத்தோட என்கிட்டதான் வந்தா. பொறுத்துக்கோன்னு சொன்னேன்.”

“அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?”

“உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கினேன்.”

அந்த வாரமே ஞானம்மாள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். வண்டியில் சாமான் ஏறும்வரை டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். ஞானம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.