கடலை வயலென்று வாசித்த நாட்கள்

மகள் கைபேசியில் விளையாடுகிறாள். பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே கப்பலில் நிற்கிறார்கள். திரை நிறையக் கடல், அலையின் இரைச்சலும் கேட்கிறது. அந்தச் சத்தத்தில் எனக்கு வயல்கள் சூழ்ந்த மாவடிப்பள்ளி ஊர் நினைவுக்கு வந்தது.

சுனாமியில் கடற்கரை வீடு போனபின் அங்கே மாமி வீட்டில் இருந்தோம். எனக்குப் பதினாறு வயது, அண்ணனான என்னைக் 'காக்கா' என்று கூப்பிடும் தங்கைக்குப் பதினொன்று. கடல் என்ற சொல் காதில் விழுந்தாலே அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அவளைச் சந்தியிலிருந்த, போனும் இணையக் கணினியும் வாடகைக்குத் தரும் கொமியூனிகேசன் கடைக்குக் கூட்டிப்போவேன். மெதுவான டெலிபோன் லைன் இணையத்தில் படமுள்ள விளையாட்டுகள் திறக்காது. எழுத்தாலேயே நடக்கும் ஒன்று மட்டும் திறந்தது. கறுப்புத் திரையில் ஆங்கில வரிகள் வரும். திசையைத் தட்டினால் அடுத்த இடம் வரும். எங்கெங்கோ இருந்து மற்றவர்களும் தட்டிக்கொண்டிருப்பார்கள். நான் தமிழில் வாசிப்பேன், தங்கை திசை சொல்வாள். கடல் வந்த இடமெல்லாம் வயல் என்று வாசித்தேன். கப்பலை மாட்டு வண்டிலாக்கினேன். மகளின் விளையாட்டில் அப்படி எதையும் மறைக்க முடியாது.

ஒரு நாள் புயலில் கப்பல் ஆடியது. "வண்டில் பள்ளத்துல இறங்கிட்டு," என்றேன்.

"இவ்வளவு பெரிய வயல் எங்க காக்கா இருக்கு?" என்று தங்கை சிரித்தாள். பிறகு திரையில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தாள். "இது கடல்தானே."

"எப்ப இருந்து தெரியும்?"

"முதல் நாளே தெரியும். நீங்க பாவமெண்டு சொல்லல்ல."

நான் கணினியை நிறுத்தப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

"இருங்க காக்கா. கப்பல் கரைக்குப் போகட்டும்."