தேர்த் திருவிழா அன்று என் மகன் போட்ட ஊசி

அன்புள்ள சகோதர சகோதரிகளே, இதை எழுத உட்கார்ந்து இரண்டு தடவை எழுந்துவிட்டேன். நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும், பெற்றுக்கொண்ட உதவியை வெளியே சொல்லாமல் வைத்திருக்க மனம் ஒப்பவில்லை.

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. நான் பி.காம். படித்துவிட்டு, மீன்களுக்கு ஐஸ்கட்டி தயாரிக்கும் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். என் மனைவி ஸ்டெல்லா. எங்களுக்கு ஒரே மகன், அஜின். தவழும் வயதிலேயே அவன் முழங்கால்களில் நீலநீலமாகக் கட்டும். 2004-ஆம் ஆண்டு, ஆறு வயதில், ஒரு பால் பல் விழுந்தது. இரத்தம் நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. நாகர்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஹீமோபிலியா என்றார்கள். இரத்தத்தை உறையவைக்கும் ஒரு பொருள் அவன் உடம்பில் போதிய அளவு இல்லை. வாழ்நாள் முழுவதும் இருக்கும் நோய். தாய் வழியாக மகனுக்கு வருவது என்று டாக்டர் விளக்கினார். ஸ்டெல்லாவின் தம்பி சிறுவயதில் கீழே விழுந்து, இரத்தம் நிற்காமல் இறந்துபோனவன். அதற்கு அந்தக் காலத்தில் யாரும் பெயர் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது ஸ்டெல்லா, "என் வயித்துல இருந்துதான் வந்திருக்கு, இல்லியா?" என்றாள். மகனை மடியில் வைத்துக்கொண்டு ஊர்வரை அழுதோம்.

அதன்பின் வந்த ஆண்டுகளில் அவனுடைய வலது முழங்காலுக்குள் அடிக்கடி இரத்தம் கசிந்தது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. மூட்டு வீங்கிச் சூடாகிவிடும். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பான். ஆலையிலிருந்து ஐஸ் கொண்டுவந்து துணியில் சுற்றி வைப்பேன். பிறகு ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவோம். போய்ச் சேர்வதற்குள் முழங்கால் தேங்காய்போல ஆகியிருக்கும். 2011-இல் டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இப்படியே போனால் இந்த மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும், பிறகு நிமிராது. வாரம் இரண்டு முறை மருந்தை வீட்டிலேயே நரம்பில் ஏற்றவேண்டும். கசிவு தெரிந்தால் அந்த நிமிடமே ஏற்றவேண்டும்.

வீட்டிலேயே! ஆடு அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டாதவன் நான்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எனக்கும் அஜினுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார். குப்பியில் இருக்கும் பொடியில் மருந்துத் தண்ணீரை விடவேண்டும். குலுக்கக்கூடாது, உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்றவேண்டும். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து, சிறிய ஊசியைச் சாய்வாக ஏற்றவேண்டும். ஊசியோடு இணைந்த குழாயில் இரத்தம் எட்டிப் பார்த்தால் சரியான இடம். பிறகு அவசரப்படாமல் மருந்தைச் செலுத்தவேண்டும். சில குப்பிகளைக் கொடுத்தனுப்பினார்கள். வீட்டு ஃபிரிட்ஜில் மீன் வைப்பதை ஸ்டெல்லா அன்றோடு நிறுத்தினாள்.

செபிக்காமல் ஊசியைத் தொட எனக்குத் தைரியமில்லை. எங்கள் தெருவில் வாராவாரம் கூடிச் செபிக்கும் அன்பியத்து வீடுகளுக்குச் சொல்லியனுப்பினேன். எல்லோரும் வந்தார்கள். ஊசி போடும் நாளெல்லாம் வந்தார்கள். சிறிய அறையில் பையனைச் சுற்றி நின்று செபமாலை சொல்வார்கள். செபத்துக்கு நடுவே யோசனையும் சொல்வார்கள்.

"இந்தா, பச்சையா ஒரு நரம்பு தெரியுதே. அதுல குத்துங்க தம்பி" என்றார் பக்கத்து வீட்டுப் பிலோமினாக்கா.

"அது நரம்பு இல்ல மாமி, பேனா மை" என்றான் அஜின்.

என் கை ஆடும். ஊசி நரம்பை விட்டு விலகும். அந்த இடம் கருத்து வீங்கும். மறு கையில் குத்துவேன். அதுவும் தவறும். அஜின் சத்தம் போடமாட்டான். கண்ணை மட்டும் மூடிக்கொள்வான். ஒருநாள் ஸ்டெல்லா பொறுமையிழந்து எல்லோருக்கும் முன்னால் கேட்டாள்: "நீங்க செபம் சொல்லியளா, ஊசி போடுகியளா? ரெண்டுல ஒண்ணைச் செய்யுங்க."

அடுத்த முறை மருந்து வாங்கப் போனபோது அவன் கைகளைப் பார்த்து நர்ஸ் திடுக்கிட்டார். வீட்டில் நடப்பதை அஜின் சொல்லிவிட்டான். "பயந்தா நரம்பு உள்ள சுருங்கிப் போகும் சார். பையனைச் சுத்திக் கூட்டம் போடாதீங்க. அவனுக்குப் பதிமூணு வயசாச்சுல்லா? அவனே போடட்டும்."

"பாப்போம் சிஸ்டர்" என்றேன். பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை தன் கையில் தானே ஊசி ஏற்றுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? செபிக்க வந்தவர்களை வாசலுக்கு அனுப்புவது விசுவாசக் குறைவு என்றும் தோன்றியது. இப்படியே மாதங்கள் போயின.

2012-இல் எங்கள் மாதா கோவில் திருவிழா. கடைசி நாள் தேர்ப் பவனி. தேருக்குப் பின்னால் ஈரத்துணியோடு தெருவில் உருண்டு வரும் நேர்ச்சையைக் கும்பிடு நமஸ்காரம் என்போம். மகனுடைய முழங்காலுக்காக அதைச் செய்வதாக நேர்ந்திருந்தேன். அன்று மருந்து போடவேண்டிய நாள். காலையில் யாருக்கும் நேரமில்லை. தேர் கோவிலுக்குத் திரும்பியதும் எல்லோரும் வருவார்கள், அப்போது போடலாம் என்று நினைத்தோம். கூட்டத்தில் இடிபடக்கூடாது என்று அஜினை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம்.

நான் மணலும் தண்ணீருமாக உருண்டுகொண்டிருந்தேன். ஸ்டெல்லா ஒரு குடத்தோடு பக்கத்தில் நடந்தாள். மேளமும் வெடியும் காதைப் பிளந்தன. தேர் பாதித் தெரு வந்திருக்கும். ஸ்டெல்லா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் கையில் போன் இருந்தது. அஜின் பலமுறை அழைத்திருக்கிறான். திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை. என் போன் வீட்டு அலமாரியில் கிடந்தது.

எழுந்தேன். நேர்ச்சை பாதியில் நின்றது. தெரு முழுவதும் தேரும் ஜனமும். ஒரு சைக்கிள்கூட வெளியே போகமுடியாது. ஊசி போடத் தெரிந்த ஒருவரை அந்தக் கூட்டத்தில் தேட முடியாது. என் கைகளைப் பார்த்தேன். ஈர மண் அப்பி, நடுங்கிக்கொண்டிருந்தன. இந்தக் கையால் நரம்பைத் தொடவே முடியாது என்று தெரிந்தது.

கடற்கரை வழியாகச் சுற்றி ஓடினோம். மணலில் கால் புதைந்தது. மனப்பாடமான செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, ஊசி போடத் தெரிஞ்ச ஒருத்தரை என் வீட்டுக்கு அனுப்பும். யாரா இருந்தாலும் சரி. ஒரே ஒருத்தரை அனுப்பும்." இதையே சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

கதவு சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தேன்.

அஜின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது கால் எதிரே முக்காலிமேல் நீட்டியிருந்தது. இடது கையில் ஊசி ஏறியிருந்தது. வலது கையால் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்திக்கொண்டிருந்தான். கண் மருந்துக்குழாயைவிட்டு அசையவில்லை.

"உள்ள வராதீங்கப்பா, ஒரே மண்ணா இருக்கிய" என்றான். "பேசவும் செய்யாதீங்க. இன்னும் கொஞ்சந்தான் இருக்கு."

நாங்கள் இருவரும் நிலைப்படியில் அப்படியே நின்றோம். என் மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மருந்து முடிந்தது. ஊசியை எடுத்தான். பஞ்சை வைத்து அழுத்தினான். பிறகுதான் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான்.

"தேரு தெரியுதான்னு படியில ஏறினேன். திரும்பும்போது கால் மடங்கிட்டு. உள்ளே சுருசுருன்னு வந்துது. உங்களைக் கூப்பிட்டேன், உங்க போன் இஞ்சதான் அடிச்சுது. அம்மாவும் எடுக்கல. பொறவு நானே போட்டேன்."

"எத்தனை தடவை குத்தின மக்களே?" என்றாள் ஸ்டெல்லா.

"ஒரு தடவைதாம்மா. யாரும் இல்லியா, கை ஆடல."

ஸ்டெல்லா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் கிணற்றடிக்குப் போய் மண்ணைக் கழுவினேன். கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஓடிவரும் வழியில் யாரை அனுப்பச் சொல்லிக் கேட்டேனோ, அந்த ஒருத்தர் வீட்டுக்குள் வேலையைத் தொடங்கியிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அங்கேயே முழந்தாளிட்டேன்.

அன்று சாயங்காலம் முழங்கால் வீங்கவில்லை. மறுநாளும் வீங்கவில்லை. சோதித்துப் பார்த்த டாக்டர், நேரத்தில் போட்டதால் மூட்டு தப்பியது என்றார். நேர்ச்சையைப் பாதியில் விட்டது என் மனதை உறுத்திக்கொண்டிருந்தது. "மாதா என்ன தேருமேலயா இருந்தா? நம்மகூடல்லா கடப்புறம் வழியா ஓடி வந்தா" என்றாள் ஸ்டெல்லா. அதற்குமேல் எனக்கு ஆறுதல் தேவைப்படவில்லை.

பிலோமினாக்கா விஷயம் கேள்விப்பட்டு வந்தார். "நாங்க செபிக்காமயா மக்கா ஊசி ஏறிச்சு?" என்று அஜினைச் சீண்டினார்.

"நீங்க தேரடியில நின்னு செபிச்சிய மாமி. அதான் ஏறிச்சு" என்றான் அவன். அவர் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும். அன்றுமுதல் அன்பியச் செபம் கோவிலில் நடக்கிறது. ஊசி வீட்டில் நடக்கிறது.

அவனுக்கு இப்போது பதினெட்டு வயது. திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். மருந்து நாட்களில் காலையிலேயே போட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறான். முதல் மாதங்களில் ஊசிக்கு முன்பு என்னைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன். "எதுக்குப்பா, நீங்க நடுங்குறது போன்லயே கேக்கும்" என்றான். இப்போது முடிந்தபின் கூப்பிடுகிறான். "போட்டாச்சுப்பா" என்ற ஒரு சொல்தான். அதைக் கேட்டபிறகே நான் ஆலைக்குக் கிளம்புகிறேன்.

நோய் போய்விட்டது என்று நான் சாட்சி சொல்லவில்லை. அது இருக்கிறது. இரண்டு கைகளிலும் ஊசித் தழும்புகள் இருக்கின்றன. ஆனால் என் மகன் கால் நிமிர்ந்து நடக்கிறான். இறைவனுக்கும், பரிந்துபேசிய அன்னைக்கும், கற்றுக்கொடுத்த அந்த நர்ஸுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை வாசிக்கும் தகப்பன்மாரே, தாய்மாரே, உங்கள் வீட்டிலும் வாழ்நாள் முழுவதும் ஊசியோடு இருக்கவேண்டிய ஒரு பிள்ளை இருக்கலாம். பயமாகத்தான் இருக்கும். எனக்கு இன்னும் பயம்தான். பயத்தோடேயே கேளுங்கள். கேட்டுவிட்டு உங்கள் பிள்ளையின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். நீங்கள் கேட்ட உதவி அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.